மூன்றாவது சீட்டு

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நூல்கடைக்காரர் கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார். பொத்தான் கடை, லேஸ் கடை, டெய்லர் வரிசை, டீக்கடை எதையும் விடவில்லை. எதிராளி கையிலிருக்கும் வேலையைக் கீழே வைக்கும்வரை வாயைத் திறக்கமாட்டார். வைத்த பிறகு மூடமாட்டார்.

"கேளுங்க. 'கடந்த முப்பது ஆண்டுகளில் தாங்களும் தங்கள் மைத்துனரும் தனித்தனியே அனுப்பிய 3,412 கணிப்புகளும் ஒன்றுக்கொன்று இம்மியும் பிசகாமல் ஒத்துப்போகின்றன. இப்படி ஒன்றை உலகில் வேறெங்கும் நாங்கள் கண்டதில்லை.' உலகத்துலயே வேற எங்கயும் இல்லையாம்."

"எதுண்ணே இல்லையாம்?" என்றார் காஜா எடுத்துக்கொண்டிருந்த டெய்லர்.

"எங்களை மாதிரி ரெண்டு பேர்."

"அது தெருவுக்கே தெரியுமேண்ணே. அதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?"

நூல்கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைக்குத் திரும்பியபோது, கடிதத்தின் இரண்டாம் பக்கம் அவர் மனைவியின் கையில் இருந்தது.

கடைத்தெருவில் அவளுக்குத் தராசு என்று பெயர். அவள் தம்பி, கடிதத்தில் சொன்ன அந்த மைத்துனன், வைத்தது, ஒட்டிக்கொண்டது. வெளுத்துப்போன பழைய துணியோடு யார் வந்து நின்றாலும், நானூறு நிற நூல்கண்டுகளுக்கு நடுவே கையை விட்டு ஒன்றை எடுப்பாள், துணிமேல் வைப்பாள், வைத்த இடத்தில் நூல் காணாமல் போய்விடும். இரண்டாவது கண்டை எடுத்துப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் சண்டை போட்டாலும் கடைசியில் அவள் கல்லாவுக்கு முன்னால்தான் வந்து நிற்பார்கள்.

"என்னங்க, இதையும் படிச்சுட்டு ஊர்வலம் போயிருக்கலாம்ல?"

அவர் படித்தார். 'இரு வேறு கண்கள் இப்படி ஒத்துப்போவது இயற்கையில் நடக்காது. ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருக்க வேண்டும் என்றே கருதவேண்டியுள்ளது. தக்க விளக்கம் இல்லாவிட்டால் இருவரின் பதிவுகளையும் நீண்டகால ஆய்விலிருந்து முழுமையாக நீக்க நேரிடும். வரும் வெள்ளியன்று நேரில் வருகிறேன்.'

நூல்கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேலே, 'மூவாயிரம் கணிப்புகள்' என்று நட்சத்திரம் பார்ப்போர் சங்கம் கொடுத்த சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் பளபளத்துக்கொண்டிருந்தது.

"காப்பியடிச்சோம்கறாங்களா?"

"அப்படிச் சொல்லல. மரியாதையா எழுதியிருக்காங்க. அதான் இன்னும் மோசம்," என்றாள். குற்றம் என்று ஒன்று இருந்தால், அது இந்த இரண்டு பேருடையது அல்ல. அவளுடையது.

விஷயம் ஒரே ஒரு நட்சத்திரம். செம்மஞ்சள் நிறம். ஊர் வெளிச்சத்தில் பைனாகுலர் இல்லாமல் அகப்படாது. பார்க்கத்தான் பொடி, உண்மையில் ராட்சத ஜாதி, குறுக்கே அடுக்கினால் எட்டுச் சூரியன் பிடிக்கும். அதன் முகத்தில் பெரிய பெரிய கரும்புள்ளிகள். ஐம்பத்திரண்டு நாளைக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றும். புள்ளி விழுந்த பக்கம் நம்மைப் பார்க்கும்போது மங்கும். நல்ல பக்கம் திரும்பினால் தெளியும். துணி வியாபாரி கிழிசலை உள்ளே மடித்துவிட்டுத்தான் விரிப்பான். இது கிழிசலையும் தவறாமல் திருப்பிக் காட்டும் நேர்மையான சரக்கு. அந்தப் புள்ளிகள் வருடக்கணக்கில் வளரும், தேயும், இடம் மாறும். அதன் போக்குப் பிடிபட ஓர் ஆராய்ச்சியாளரின் மொத்தப் பணிக்காலமும் போதாது. அதனால்தான் வீட்டு மாடியிலிருந்து வருடக்கணக்காகப் பார்த்து எழுதுகிற ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

முறை எளிது. பக்கத்தில் வெளிச்சம் மாறாத இரண்டு நட்சத்திரங்கள் இருக்கின்றன. ஒன்றின் எண் 3.6, இன்னொன்று 4.4. நம் செம்மஞ்சள் ஆள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறான் என்று கண்ணால் மட்டிட்டு ஓர் எண் சொல்ல வேண்டும். எண் கூடினால் வெளிச்சம் குறைவு. "நம்பர் ஏற ஏறச் சரக்கு மட்டமாகுற ஒரே சந்தை இதுதான்," என்பான் தம்பி. எதிர்ச்சாரியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். மூன்று பேருக்கும் பைனாகுலர் அவன் கடைச் சரக்கு.

முதல் வருடம் மாமனும் மச்சானும் தனித்தனியாகத்தான் எழுதினார்கள். அவர் 3.9 என்றால் இவன் 4.1 என்பான்.

"கண்ணைப் பத்திக் கண்ணாடிக்காரனுக்குத் தெரியுமா, நூல்காரருக்குத் தெரியுமா மாமா?"

"நீ விக்கிறது கண்ணாடிடா மாப்ளே. கண்ணு இல்ல."

பேச்சு முற்றி, ஒருவர்மேல் ஒருவர் சங்கத்துக்குப் புகார் எழுதி, மூன்று மாதம் இருவரும் எதிரெதிர்க் கடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் தராசு சட்டம் போட்டாள்: "இந்த வீட்டுலேர்ந்து ஒரே நம்பர்தான் வெளிய போகும். பேசி முடிச்சுட்டு வாங்க."

அதிலிருந்து வீட்டில் சந்தோஷம். வானம் தெளிந்த நாட்களில் கடை சாத்தி, பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடிக்குப் போவார்கள், பார்ப்பார்கள், பேரம் தொடங்கும்.

"நாலு."

"நாலு புள்ளி ரெண்டு மாமா. அதுக்குக் கீழ எனக்குக் கட்டாது."

"உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். நாலு புள்ளி ஒண்ணு. முடிச்சுக்க."

முடிந்த எண்ணை இரண்டு பேருடைய அடையாள எண்ணிலும் எழுதி மாதாமாதம் சங்கம் வழியாக ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பியது தராசு. முப்பது வருடமாக, அவள் கையெழுத்தில். நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

வியாழன் சாயங்காலம் தம்பி தெருவைத் தாண்டி வந்தான். அவனிடம் ஒரு யோசனை இருந்தது. "ஒரே குடும்பம், ஒரே மாதிரி கண்ணுன்னு சொல்லிடுவோம் மாமா. ரெண்டு பேருக்கும் ஒரே பவர்னு நானே டெஸ்ட் பண்ணி சீட்டு எழுதித் தர்றேன். சீல் கூட இருக்கு."

"உனக்கும் எனக்கும் எப்படிடா ஒரே கண்ணு வரும்? நான் உங்க வீட்டுல பொறந்தேனா?"

"அவங்க அவ்வளவு தூரம் விசாரிக்கவா போறாங்க?"

தராசு பரணை அண்ணாந்து பார்த்தாள். அங்கே முப்பது அட்டைப்பெட்டிகள் இருந்தன. அவற்றைக் கீழே இறக்கினால், அனுப்பியது அத்தனையும் பேரத்தில் முடிந்த எண் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இறக்காவிட்டால், காப்பியடித்த இரண்டு பேர் என்று ஆய்விலிருந்து வெளியே போவார்கள். ராத்திரி அவள் சரியாகத் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடைக்கு வார விடுமுறை. பாதி ஷட்டரைத் தூக்கி வைத்திருந்தார்கள். ஆராய்ச்சியாளர் குனிந்து உள்ளே வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி, தோளில் லேப்டாப் பை, தெருப் புழுதியில் வெளுத்த செருப்பு. நூல்கடைக்காரர் கொடுத்த டீயை வாங்கிக் கல்லாமேல் வைத்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சார், நான் சண்டை போட வரல. பன்னெண்டு வருஷமா எங்களுக்குத் தானியங்கித் தொலைநோக்கி இருக்கு. அதுக்கு முன்னாடி இருக்கற காலத்துக்கு உங்களை மாதிரி ஆளுங்கதான் எங்க கண்ணு. ஒரே நட்சத்திரத்தை ஒரே மாடிலேர்ந்து இவ்வளவு வருஷம் விடாமப் பார்த்தவங்க ரொம்பக் கம்மி. இதை நீக்கறது எனக்கும் கஷ்டம்தான்."

இளகிய குரலைக் கேட்டதும் நூல்கடைக்காரரின் ரத்தத்திலிருந்த வியாபாரி விழித்துக்கொண்டார்.

"அப்ப ஒண்ணு பண்ணுவோம் மேடம். முப்பது வருஷத்தையும் நீக்க வேணாம். பத்தை விட்டுடறேன். இருபதை வெச்சுக்கங்க."

"சார், இது..."

"சரி, உங்க மனசு கஷ்டப்பட வேணாம். பதினெட்டு."

"இதுல பேரமே இல்லைங்க."

"பதினஞ்சுக்குக் கீழ இறங்கினா எங்களுக்கு மரியாதை இல்ல மேடம்," என்றான் தம்பி, மாமனுக்குத் தோள் கொடுத்து.

ஆராய்ச்சியாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று விளங்கத் தொடங்கியிருந்தது. "நீங்க ரெண்டு பேரும் எப்பவும் இப்படித்தானா?"

தராசு எழுந்தாள்.

"எப்பவும் இப்படித்தாங்க. அந்த நம்பரெல்லாம் இப்படி வந்ததுதான். இவங்க காப்பியடிக்கல. பேரம் பேசினாங்க. பேசச் சொன்னது நான். சண்டை வேணாம், ஒரே நம்பரா முடிச்சுட்டு வாங்கன்னு சட்டம் போட்டேன். எழுதி அனுப்பினதும் நான்தான். தப்புன்னா அது என் பேர்ல."

"அக்கா," என்றான் தம்பி, சன்னமாக.

"முப்பது வருஷமும் பேரமா?" என்றார் ஆராய்ச்சியாளர். அவர் லேப்டாப்பை மூடப் போனார். கோபமாக இல்லை, நல்ல துணியில் கறை பார்த்தவரைப் போல மூடப் போனார். "அப்ப ஒண்ணும் பண்ண முடியாதும்மா. ரெண்டு பேரும் தனித்தனியாப் பார்த்தது என்னன்னு இனிமே யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றாள் தராசு. "டேய், ஏணியை எடு."

முதல் பெட்டி இறங்கியது. உள்ளே, நூல்கண்டின் தலையில் ஒட்டிவரும் வட்ட லேபிள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. பில் குத்தும் கம்பியில் குத்தி எடுத்ததால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் ஓட்டை. ஒரு பக்கம் கம்பெனி அச்சடித்த நிற எண். மறுபக்கம் தேதியும் பென்சிலில் ஓர் எண்ணும்.

"பேரம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு லேபிள்ல பார்த்ததை எழுதி மடிச்சு என் கையில குடுத்துடணும். இல்லைன்னா பாதிப் பேச்சுல 'நான் எப்ப நாலுன்னு சொன்னேன், நாலு புள்ளி ஒண்ணுன்னுல்ல சொன்னேன்'னு மாத்துவாங்க. இவங்களை நம்பி எந்தப் பேரத்தையும் விட முடியாதுங்க."

ஆராய்ச்சியாளர் ஒரு கட்டை எடுத்துப் புரட்டினார். கண்ணில் வெளிச்சம் வந்தது, உடனே சுருங்கியது. அவரும் ஏதோ ஒரு சந்தையில் காய்கறி வாங்கியவர்தான்.

"ஆனா அம்மா, பேரம் நடக்கப்போகுதுன்னு தெரிஞ்சா யாராவது உண்மையான விலையை முதல்ல சொல்லுவாங்களா? கூட்டித்தானே சொல்லுவாங்க?"

மாமனும் மச்சானும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

"சொல்லு," என்றாள் தராசு தம்பியிடம்.

"முதல் ரெண்டு மாசம் கூட்டியும் குறைச்சும்தான் எழுதினோம் மேடம்," என்றான் அவன். "நான் பூஜ்யம் புள்ளி ரெண்டு மேல. அவரு அதே அளவு கீழ. அக்கா கண்டுபிடிச்சிடுச்சு. அப்புறம் அதுவும் பார்க்க ஆரம்பிச்சுது. எங்க சீட்டைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே தன் சீட்டை எழுதி மடிச்சு வெச்சிடும். யாரு நம்பர் அதோட நம்பர்லேருந்து அதிகமாத் தள்ளி நிக்குதோ, அவங்கதான் மறுநாள் காலைல இந்த ஷட்டரைத் தூக்கணும்."

ஷட்டர் பழையது. தூக்குகிறவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். மனிதனை உண்மை பேசவைக்க அது போதும்.

ஆராய்ச்சியாளர் மெதுவாகத் திரும்பினார். "அம்மா, நீங்களும் பார்த்தீங்களா? தினமும்?"

"தினமும்தான். ஷட்டர் தினமும் திறக்கணும்ல?"

"அந்தச் சீட்டு?"

தராசு கட்டைப் பிரித்துக் காட்டினாள். ஒவ்வொரு தேதிக்கும் மூன்று லேபிள்கள். மூன்றாவதில் சின்ன, உருண்டையான எழுத்து.

"இதை ஏம்மா அனுப்பவே இல்ல?"

அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "இது தராசுல போடற படிக்கல்லுங்க. படிக்கல்லை யாராவது விப்பாங்களா?"

டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. ஆராய்ச்சியாளர் லேப்டாப்பை முழுக்கத் திறந்தார். தானியங்கித் தொலைநோக்கியின் பன்னிரண்டு வருட அளவுகள் அதில் இருந்தன. அவர் ஒரு தேதி சொன்னார், தம்பி பெட்டியில் தேடி எடுத்தான், தராசு படித்தாள்.

"நாலு புள்ளி ஒண்ணு."

"இங்க நாலு புள்ளி பூஜ்யம் எட்டு. அடுத்தது."

"மூணு புள்ளி ஒன்பது."

"மூணு புள்ளி ஒன்பது மூணு."

இருபது தேதி போனது. நாற்பது போனது. நூல்கடைக்காரர் ஒவ்வொரு எண்ணுக்கும் தொடையில் தட்டினார். எண் தன்னுடையது அல்ல என்பதை அவர் மறந்தே போயிருந்தார். கண்ணுக்குப் பத்தில் ஒரு பங்குக்குமேல் நுணுக்கம் கிடையாது என்பது பொது விதி. அந்த விதியைத் தாண்டி அவள் ஒருமுறைகூட வழுக்கவில்லை. ஆண்கள் சீட்டும் மோசமில்லை. நூல்கடைக்காரர் எப்போதும் ஒரு துளி பிரகாசமாகப் பார்ப்பவர், தம்பி ஒரு துளி மங்கலாக. முப்பது வருடமாக அதே துளி.

"இது பிரச்சனையில்ல. கண்ணுக்குக் கண் அப்படித்தான். மாறாம இருக்கே, அதான் பெருசு," என்ற ஆராய்ச்சியாளர், சட்டென்று நிறுத்தினார். "ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சீசன் எங்க தொலைநோக்கியில கண்ணாடி பழுது. நாலு மாசம் எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. நீங்க அனுப்பினது அந்த நாலு மாசமும் 4.1. அசையவே இல்ல. சீட்டுல என்ன இருக்கு?"

பெட்டி வந்தது. தராசு பார்த்தாள். அவளுக்கு அந்த மாதங்கள் நினைவிருந்தன.

"இவர் நாலு புள்ளி ரெண்டு. தம்பி நாலு புள்ளி மூணு. நான் நாலு புள்ளி மூணு. அப்புறம் கொஞ்ச நாள்ல ஏறி இறங்குது."

"மூணு பேருமே மங்கலாத்தான் பார்த்திருக்கீங்க. அப்புறம் எப்படி 4.1?"

நூல்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "அவ்வளவு மங்கி நாங்க பார்த்ததே இல்லைங்க. எழுதினா சங்கத்துல சிரிப்பாங்கன்னு பயம். எதுக்கு வம்பு, வழக்கமான நம்பரே போட்டுடுவோம்னு பேசாம முடிச்சுட்டோம்."

முப்பது வருடத்தில் மாமனும் மச்சானும் சண்டை போடாமல் ஒத்துப்போன பருவம் அது ஒன்றுதான். அது ஒன்றுதான் சுத்தப் பொய்.

"வேற ஊர்லேருந்து ரெண்டு பேர் அந்த சீசன்ல 4.3ன்னு அனுப்பினாங்க," என்றார் ஆராய்ச்சியாளர். அவர் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "உங்க 4.1ஐ நம்பி அவங்களைத் தப்புன்னு தள்ளி வெச்சேன். முகத்துல பாதியை அடைச்சுக்கிட்டு ஒரு புள்ளி வந்திருக்கு. இந்த நட்சத்திரத்துல இதுவரைக்கும் யாரும் பார்க்காத பெரிய புள்ளி. அது உங்க பரண்ல இருக்கு."

தம்பி அந்தப் பெட்டியை ஆராய்ச்சியாளர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அதன் பிறகு ஆராய்ச்சியாளர் நிபந்தனையைச் சொன்னார். மூன்று பேரின் சீட்டுகளும் ஆய்வில் சேரும். ஆனால் இதுவரை அனுப்பிய 3,412 எண்களையும் இவர்களே கையெழுத்துப் போட்டுத் திரும்பப் பெற வேண்டும். என்ன நடந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதித் தர வேண்டும். சங்கத்தின் பட்டியலில் இருவர் கணக்கும் பூஜ்யத்துக்கு இறங்கும். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிந்த பிறகுதான் ஏறும்.

நூல்கடைக்காரரின் முகம் கறுத்தது. "எல்லாத்தையுமா? உலகம் முழுக்கத் தெரியற மாதிரியா? முந்தாநாள்தான் தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தேன்."

தராசுதான் பதில் சொன்னாள், கணவர் பக்கத்தில் போய் நின்று.

"கடை வெச்ச புதுசுல சிவப்பு நூல் சாயம் விட்டுச்சே, ஞாபகம் இருக்கா? ஒரு டெய்லரும் கேட்டு வரல. நீங்களா வாசல் வாசலாப் போய், 'என் நூல் சாயம் போகுது, திருப்பிக் குடுங்க'ன்னு கண்டு கண்டா வாங்கிட்டு வந்தீங்க. மானம் போச்சுன்னு எங்க அப்பாகூடச் சொன்னாரு. அன்னைக்குத்தான் எனக்கு உங்களைப் பிடிச்சுது."

"அதுக்கு முன்னாடி பிடிக்கலையா?"

"பேரம் பேசாதீங்க. இதுவும் சாயம் போன சரக்குதான். வாசல் வாசலா வாங்கிட்டு வருவோம்."

நூல்கடைக்காரர் ஸ்டூல்மேல் ஏறி, கண்ணாடிச் சட்டத்தை ஆணியிலிருந்து தானே கழற்றி, தூசியை வேட்டி நுனியால் துடைத்து, பரணில் வைத்தார். கீழே இறங்கியவர், "பேனா குடு மாப்ளே," என்றார். விளக்கக் கடிதத்தில் 'பேரம்' என்ற சொல்லை எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. எழுதினார்.

பத்தாயிரத்துச் சொச்சம் சீட்டுகள். வியாபாரம் மந்தமான மதியங்களில் தம்பி படிக்க, நூல்கடைக்காரர் தட்டச்சு செய்ய, தராசு தேதி சரிபார்க்க, ஏழு மாதம் ஆனது. தெருவில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க நேரம் கொடுக்காமல் நூல்கடைக்காரர் முந்திக்கொண்டார் என்பதும் ஒரு காரணம். டெய்லர் வரிசையில் மறுபடி ஒரு சுற்று வந்தார்.

"மூணு மெஷின்காரங்க நாலு மாசம் கண்ணை மூடிட்டாங்க. என் வீட்டுக்காரி மூடல. உலகத்துல வேற எங்கயும் இல்லையாம்."

"இந்தத் தடவை ரெண்டாம் பக்கம் படிச்சீங்களாண்ணே?"

"நான்தான்டா எழுதினேன் ரெண்டாம் பக்கம்."

மூன்று மெஷின் என்பது அவர் சொந்தச் சரக்கு. ஒன்றுதான் உண்மை. தராசு கல்லாவிலிருந்தே திருத்தினாள். அவர் ஒன்றுக்கு இறங்கி வந்தார்.

ஆய்வு வெளிவந்தது. நீண்ட வளைகோட்டின் நடுவே, தொலைநோக்கி பழுதான நாலு மாதப் பள்ளம், மூன்று நிறப் புள்ளிகளால் நிரம்பியிருந்தது. கீழே மூன்று அடையாள எண்கள். மூன்றாவது எண் புதிது. பதிவு தொடங்கிய ஆண்டு மட்டும் முப்பது வருடம் பழையது. தராசு அந்தப் பக்கத்தைச் சட்டம் போட விடவில்லை. பக்கத்தை மடித்துக் கல்லாவுக்குள் வைத்துக்கொண்டாள். வாடிக்கையாளர் இல்லாதபோது எடுத்து, தன் புள்ளிகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று நகத்தால் தொட்டுத் தொட்டுப் போவாள். எல்லாம் வைத்த இடத்தில் காணாமல் போயிருந்தன, கோட்டுக்குள்.

மாடியில் இப்போது மூன்று மூலைகளில் மூன்று பேர். பார்க்கிறார்கள், எழுதுகிறார்கள், தனித்தனியே அனுப்புகிறார்கள். பேசக்கூடாது என்பது புதுச் சட்டம். அதையும் அவள்தான் போட்டாள். இரண்டு ஆண்களும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு படியிறங்குவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

தோற்றவர் என்று யாரும் இல்லாததால், ஷட்டரைக் காலையில் இருவரும் சேர்ந்து தூக்குகிறார்கள்.

"எடை முழுக்க என் பக்கம்தான் மாமா. அறுபது பங்கு நான்."

"நாப்பது வெச்சுக்க. முடிச்சுக்க."

"அம்பத்தஞ்சுக்குக் கீழ கட்டாது."

தராசு கல்லாவைத் துடைத்துக்கொண்டே பார்க்கிறாள். இடப்பக்கம் ஒரு விரல்கடை தாழ்ந்துதான் ஏறுகிறது. யார் பங்கு எவ்வளவு என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். சொல்லவில்லை. அந்த எண் வீட்டைவிட்டு எங்கும் போகப்போவதில்லை, பேசி முடித்துக்கொள்ளட்டும்.